பென்சகோலா நீச்சல் சோதனை: மகனுக்கு அரைகுறை நீச்சல்தான், தேறிவிடுவானா?

முகவைக்காரன்:

வணக்கம். டெக்சாஸில் இருக்கிறோம். மகன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். கல்லூரியில் கடற்படையின் ஆர்.ஓ.டி.சி.யில் (படிக்கும்போதே அதிகாரியாகப் பயிற்சி தரும் திட்டம்) சேர்ந்து படித்தான், இப்போது விமானிப் பயிற்சிக்குத் தேர்வாகி வரும் கோடையில் புளோரிடாவில் உள்ள பென்சகோலா கடற்படைத் தளத்துக்குப் போகப்போகிறான். அவனுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது, அதோடு நான் இப்படி ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தால் சண்டைக்கு வருவான். அதனால் அவன் பெயரை விட்டுவிடுகிறேன்.

விஷயம் நீச்சல். கல்லூரியிலேயே மூன்றாம் வகுப்பு நீச்சல் சோதனை என்று ஒன்று இருந்தது. உயரத்திலிருந்து குதிக்க வேண்டும், 50 கெஜம் நீந்த வேண்டும், ஐந்து நிமிடம் குப்புற மிதக்க வேண்டும், போட்டிருக்கிற சட்டையையும் பேன்ட்டையும் காற்று பிடிக்க வைத்து மிதவையாக்கிக் காட்ட வேண்டும். அதையே இரண்டாவது தடவையில்தான் தேறினான். குளத்தில் நாலு தடவை போய்த் திரும்பினால் மூச்சு வாங்குகிறது. பென்சகோலாவில் விமானி உடுப்போடு ஒரு மைல் நீந்தச் சொல்வார்களாம், அப்புறம் ஒரு பெட்டிக்குள் இருக்கையில் கட்டிவைத்துத் தலைகீழாகத் தண்ணீருக்குள் அமுக்குவார்களாம். இதை அவன் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டான், அவள் மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை.

நான் முதுகுளத்தூர்ப் பக்கம். எங்கள் கண்மாயில் தண்ணீர் நின்ற வருஷத்தைவிட ஆடு மேய்ந்த வருஷம்தான் அதிகம், ஆகவே நீச்சலைப் பற்றி அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. கேள்வி இரண்டு. நீச்சலில் தோற்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா? இன்னும் நாலு மாதம் இருக்கிறது, எதைப் பழகினால் உருப்படியாக இருக்கும்? இங்கே ஒரு பயிற்சியாளர் மணிக்கு 90 டாலர் கேட்கிறார், போட்டி நீச்சல்காரர்களைத் தயார் செய்கிறவராம். அவ்வளவு தேவையா?

நார்ஃபோக்வாசி:

அண்ணா, 90 டாலரைப் பையில் வையுங்கள். நான் பத்து வயதில் திருச்சியிலிருந்து இங்கே வந்தவள், 2008-இல் பென்சகோலா போனேன், பிறகு ஒன்பது வருஷம் ஹெலிகாப்டர். அப்போது அந்த ஆரம்பப் படிப்புக்கு ஏ.பி.ஐ. என்று பெயர், இப்போது நைஃப் என்கிறார்கள். நேரக்கணக்குகளை அவ்வப்போது மாற்றுவார்கள், அவன் கையில் கொடுக்கிற தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் சட்டம். ஆனால் தண்ணீர் மாறவில்லை, அதனால் சொல்கிறேன்.

போட்டி நீச்சல் பயிற்சியாளர் உங்கள் பையனுக்கு வேகம் சொல்லித் தருவார். அங்கே வேகத்தை யாரும் கேட்பதில்லை. எங்களுக்கு ஒரு மைலுக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேலாகக் கொடுத்தார்கள். 25 கெஜக் குளத்தில் எழுபது நீளத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஓரத்தைப் பிடிக்கக்கூடாது, தரையில் நிற்கக்கூடாது. இதில் மாட்டிக்கொள்கிறவர்கள் யார் தெரியுமா, ஃப்ரீஸ்டைல் மட்டும் தெரிந்தவர்கள். அந்த உடுப்பில் ஏகப்பட்ட பை, எல்லாவற்றிலும் தண்ணீர் நிரம்பிவிடும், ஒவ்வொரு தடவை கையைத் தூக்கி வீசும்போதும் நனைந்த கோணிச்சாக்கைத் தூக்குகிற மாதிரி இருக்கும். பத்து நீளத்தில் தோள் விட்டுப்போகும். கை தண்ணீருக்கு வெளியே வராத நீச்சல்தான் அங்கே சோறு போடும். தவளை நீச்சல், ஒருக்களித்து நீந்துவது, மல்லாந்து காலால் உதைத்துப் போவது, இந்த மூன்றையும் சோம்பேறித்தனமாக நீந்தத் தெரிந்தால் போதும். நான் முழு மைலும் தவளை நீச்சல்தான், பாதியில் மனசுக்குள் கடைக்குப் போகிற பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன்.

மைலுக்கு முன்னால் இரண்டாம் வகுப்புச் சோதனை உண்டு. 100 கெஜம், நாலு விதமான நீச்சல், ஒவ்வொன்றும் 25 கெஜம். பன்னிரண்டு அடி மேடையிலிருந்து குதித்து, மேலே வராமல் 15 கெஜம் உள்நீச்சல் போக வேண்டும். கப்பலைச் சுற்றித் தண்ணீர்மேல் எண்ணெய் எரிகிறது, அதற்கு அடியில் தப்பிப் போகிறாய் என்று கற்பனை.

என்னைக் கேட்டால் நிஜமான கஷ்டம் மைல் இல்லை, நிலைநீச்சல். பூட்ஸ், கையுறை, ஹெல்மெட், பட்டைகள், காற்று அடைக்காத மிதவை அங்கி என்று எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஆழத்தில் நின்ற இடத்திலேயே மிதக்க வேண்டும். இரண்டு நிமிடம் தலை வெளியே, அடுத்த மூன்று நிமிடம் முகத்தைத் தண்ணீரில் போட்டு மிதப்பது. பூட்ஸ் காலைக் கீழே இழுக்கும், ஹெல்மெட் கழுத்தைப் பின்னால் தள்ளும். பயந்து வேகமாக உதைக்கிறவன் முதல் நிமிடத்திலேயே முடிந்தான். அந்த மூன்று நிமிடத்துக்கு ட்ரவுன்ப்ரூஃபிங் என்று பெயர். ஜார்ஜியா டெக் கல்லூரியில் ஃப்ரெட் லனூ என்கிற நீச்சல் ஆசிரியர் 1940-இல் இருந்து சொல்லிக்கொடுத்த முறை, அங்கே பல வருஷம் கையையும் காலையும் கட்டிக்கூட மாணவர்களை மிதக்க வைத்தார்கள். கடலில் சொறிமீன் (ஜெல்லிமீன்) மிதக்குமே, அது மாதிரி உடம்பை அப்படியே தொங்கவிட வேண்டும். மூச்சு தேவைப்படும்போது மட்டும் இரண்டு கையாலும் தண்ணீரைக் கீழே ஒரு அழுத்து, வாய் வெளியே வரும், ஒரு மூச்சு, திரும்பவும் தொங்கல். இது வந்துவிட்டால் அவனுக்குக் குளத்தின் மேலேயே பயம் போய்விடும்.

தோற்றால்? அன்றைக்கே பெட்டி கட்டச் சொல்ல மாட்டார்கள். தேறாதவர்களுக்குக் காலையில் தனி வகுப்பு வைப்பார்கள், தேறும் வரை நீந்த வைப்பார்கள். என் வகுப்பில் நெப்ராஸ்காவிலிருந்து ஒருவன், மக்காச்சோளக் காட்டில் வளர்ந்தவன், மூன்று வாரம் விடியற்காலையில் குளத்திலேயே கிடந்தான். கடைசியில் எங்களில் ஜெட் கிடைத்தவன் அவன்தான், மைலில் முதலில் வந்த பயலுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் முயற்சியே இல்லை, தண்ணீரைக் கண்டாலே உறைந்து போகிறான் என்றால் அதற்கும் ஒரு எல்லை உண்டு, அதை மறைக்க மாட்டேன்.

சேலத்துப்பொறியாளன்:

நடுவில் புகுந்து கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹெலிகாப்டர் சரி. ஜெட் ஓட்டுகிறவனுக்கு எதற்கு இதெல்லாம்? இருக்கை வெடித்து வெளியே தள்ளிவிடும், பாராசூட் தானாக விரியும், மிதவை அங்கி தண்ணீர் பட்டதும் தானாக ஊதிக்கொள்ளும், ரேடியோ இருக்கிறது, ஹெலிகாப்டர் வந்து தூக்கிப் போகும். இதில் ஒரு மைல் எங்கே நீந்தப் போகிறான்? நடுக்கடலில் ஒரு மைல் நீந்தி எந்தக் கரைக்குப் போவது? பழைய காலத்து வழக்கத்தை விடமுடியாமல் வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

பழைய ஏர்க்ரூ:

பொறியாளர் தம்பி கேட்பது நியாயமான கேள்விதான், ஆனால் நீங்கள் சொன்ன வரிசையில் எத்தனை "தானாக" வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அதில் ஒன்று மக்கர் பண்ணினாலும் மிச்சத்தை ஆள்தான் செய்ய வேண்டும். நான் இந்தியக் கடற்படையில் ஹெலிகாப்டர் ஏர்க்ரூவாக இருந்து ஓய்வு பெற்றவன். அரக்கோணம் ராஜாளி தளம், கொச்சி, அப்புறம் முகவைக்காரர் ஊருக்குப் பக்கத்தில் உச்சிப்புளியிலும் இரண்டு வருஷம் இருந்திருக்கிறேன். (சார், உங்கள் கண்மாய் நிரம்பிய ஒரு வருஷம் நான் அங்கே இருந்தேன், நிஜமாகவே நிரம்பியது.)

பாராசூட்டை எடுத்துக்கொள்வோம். கடலில் இறங்கியதும் காற்று துணியைப் பிடித்தால் அது பாய்மரம் ஆகிவிடும், ஆளைக் குப்புற இழுத்துக்கொண்டு ஓடும், வாயில் மூக்கில் எல்லாம் தண்ணீர். உப்புத் தண்ணீர் பட்டதும் தானே கழன்றுகொள்ளும் கொக்கி அமெரிக்கர்களிடம் இருக்கிறது, ஆனாலும் கையால் கழற்றத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள். காற்றே இல்லை என்றால் அது இன்னொரு வம்பு, துணி அப்படியே தலைமேல் விழும். நனைந்த பாராசூட் துணி முகத்தில் ஒட்டினால் மூச்சு விட முடியாது, கையைக் காலை உதறினால் கயிறெல்லாம் சுற்றிக்கொள்ளும். செய்ய வேண்டியது சின்ன வேலை. மல்லாந்து படுத்து, முகத்துக்கு மேலே துணியைக் கையால் தூக்கிக் காற்றுக்கு இடம் செய்துகொண்டு, ஒரே ஒரு தையலைப் பிடித்து அதையே பின்பற்றி ஓரத்துக்கு வருவது. சொன்னால் பத்து வினாடி. தண்ணீருக்குப் பயந்தவனால் அந்தப் பத்து வினாடி சும்மா படுத்திருக்க முடியாது. ஒரு மைல் நீந்த வைப்பது கரைக்குப் போக அல்ல தம்பி, ஒரு மணி நேரம் உடுப்போடு தண்ணீரில் கிடந்தால் தண்ணீர் வீட்டுத் திண்ணை மாதிரி ஆகிவிடும், அதற்குத்தான்.

மூத்த ஜார்ஜ் புஷ், பின்னால் ஜனாதிபதி ஆனவர், 1944 செப்டம்பர் 2-ஆம் தேதி சிச்சிஜிமா தீவுக்குப் பக்கத்தில் சுடப்பட்டுக் கடலில் விழுந்தார். வயது இருபது. காற்றடைத்த சின்னப் படகில் ஏறி, எதிரித் தீவுப்பக்கம் அடித்துப் போகாமல் இருக்கக் கையாலேயே துழாவிக்கொண்டு சில மணி நேரம் கிடந்தார், பிறகு ஃபின்பேக் என்ற நீர்மூழ்கிக் கப்பல் வந்து எடுத்தது. படகு மட்டும் தானாக அவரிடம் வந்துவிடவில்லை, நீந்திப் போய்த்தான் ஏறினார்.

இப்போது அம்மாவின் தூக்கத்தைக் கெடுத்த அந்தப் பெட்டி. எங்கள் பாஷையில் டங்கர். கொச்சியில் ஐ.என்.எஸ். கருடா தளத்தில் தண்ணீரில் உயிர் தப்பும் பயிற்சிக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது, அலை, இருட்டு எல்லாம் அதற்குள்ளேயே வரவழைப்பார்கள். ககன்யான் கலத்தைக் கடலிலிருந்து மீட்கப் போகிறவர்களுக்கும் 2023-இல் அங்கேதான் முதல் கட்டப் பயிற்சி கொடுத்தார்கள். பென்சகோலாவிலும் இதே சங்கதிதான், அங்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே ஆரம்பித்துவிட்டார்கள், வில்ஃப்ரெட் கேனப் என்ற இளம் அதிகாரி தண்டவாளத்தில் சறுக்கிப்போய்க் குளத்தில் கவிழ்கிற ஒரு விமானி அறையைச் செய்தார். அதற்கு டில்பர்ட் டங்கர் என்று பெயர். டில்பர்ட் என்பது அந்தக் காலக் கடற்படைச் சுவரொட்டிகளில் வந்த கேலிச்சித்திர விமானி, செய்யக்கூடாததை எல்லாம் செய்கிற மடையன்.

ஹெலிகாப்டர் ஏன் கவிழ்கிறது என்றால் எஞ்சின், கியர்பாக்ஸ், ரோட்டார் என்று கனமெல்லாம் தலையில் இருக்கிறது. தண்ணீரில் இறங்கினால் சில வினாடியில் குப்புறப் புரண்டுவிடும். புரண்டதும் மனிதனுக்கு மேல் எது கீழ் எது என்று தெரியாது. வலது பக்கம் இருந்த ஜன்னல் மனசுக்குள் இடது பக்கம் போய்விடும். மூக்கு வழியாகத் தண்ணீர் நெற்றி வரைக்கும் ஏறும், சுள்ளென்று எரியும், முதல் தடவை அந்த எரிச்சல்தான் பாதிப்பேரைத் தோற்கடிக்கும், மூக்கு வழியாக மெதுவாகக் காற்றை விட்டுக்கொண்டே இருந்தால் ஏறாது.

முறை ஒன்றுதான். விழுவதற்கு முன்பே ஒரு கையால் ஜன்னல் சட்டத்தையோ ஏதாவது அசையாத ஒன்றையோ பிடித்துக்கொள். பெட்டி புரண்டு, ஆட்டம் முழுக்க நிற்கும் வரை உட்கார்ந்தே இரு. நின்ற பிறகு வெளியேறும் வழியைக் கையால் தொட்டு உறுதி செய். அதற்குப் பிறகுதான் பெல்ட்டை அவிழ். முதலில் பெல்ட்டை அவிழ்க்கத்தான் எல்லாருக்கும் கை போகும். அவிழ்த்தால் உடம்பு பந்து மாதிரி உள்ளேயே மிதந்து கூரையில் (அதாவது தரையில்!) போய் முட்டும், பிடிமானமும் போச்சு, திசையும் போச்சு. பெல்ட் இருக்கிற வரைக்கும் நீ எங்கே இருக்கிறாய் என்று உனக்குத் தெரியும். பிடித்த கையை விடாமல் இழுத்துக்கொண்டு வெளியே போ, காலை உதைக்காதே, பின்னால் வருகிறவன் பல் போகும். நான் ஒரு தடவை கன்னத்தில் வாங்கியிருக்கிறேன், உதைத்தவன் இன்றுவரை என் நல்ல சிநேகிதன்.

2023 அக்டோபர் 21-ஆம் தேதி ககன்யான் சோதனைக் கலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிக் கடலில் இறங்கியதே, அதுவும் தலைகீழாகத்தான் மிதந்தது. ஆள் இல்லாத கலம், பரவாயில்லை. கடல் யாரையும் நேராக உட்கார வைத்துப் பேசாது.

நார்ஃபோக்வாசி:

ஐயா சொன்னதில் ஒரு எழுத்தை மாற்ற வேண்டியதில்லை. பென்சகோலாவில் நாலு தடவை அமுக்குவார்கள். முதலில் பக்கத்து ஜன்னல் வழியாக, அடுத்தது எல்லாரும் ஒரே பெரிய கதவு வழியாக, பிறகு அந்த இரண்டையும் கண்ணை மறைக்கிற கண்ணாடி போட்டுத் திரும்பவும். அண்ணி தூங்குவதற்காக ஒன்று சொல்கிறேன், தண்ணீருக்குள் மூச்சுக்கருவியோடு பாதுகாப்பு டைவர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள், ஒருவன் தடுமாறினால் அடுத்த வினாடி கை வந்து வெளியே இழுத்துவிடும். அதற்கு முன்னால் தனி நாற்காலியில் ஆழமில்லாத தண்ணீரில் கவிழ்த்துப் பழக்குவார்கள், சின்ன மூச்சுக் குப்பியை வாயில் வைத்து மூச்சு விடவும் சொல்லித்தருவார்கள். இன்னொன்று, இது ஒரே தடவையோடு முடிவதில்லை, நாலு வருஷத்துக்கு ஒருமுறை திரும்பப் போக வேண்டும். எனக்கு மூன்றாவது முறையும் வயிறு கலங்கத்தான் செய்தது.

முகவைக்காரன்:

எல்லாருக்கும் கும்பிடு. பழைய ஏர்க்ரூ சார் எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டினேன், பெல்ட் விஷயம் வந்ததும் "அப்போ அவன் சும்மா உட்கார்ந்திருந்தா போதுமா, அது அவனுக்கு நல்லா வருமே" என்றாள், மூன்று நாளில் முதல் சிரிப்பு.

ஒரு சின்னத் தகவல். அந்த 15 கெஜ உள்நீச்சலுக்காக அவன் இப்போதே எங்கள் குடியிருப்புக் குளத்தில் ராத்திரி வேலை முடிந்து வந்து தனியாகப் பழகுகிறானாம். வேகவேகமாக இருபது முப்பது தடவை மூச்சை இழுத்து விட்டுவிட்டு உள்ளே போனால் ரொம்ப தூரம் போக முடிகிறது என்று சந்தோஷமாகச் சொன்னான். இது சரியான வழிதானே?

நீச்சல்வாத்தியார்:

இல்லை. இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், இந்தப் பதிவைப் படித்து முடித்த பிறகு அல்ல, இப்போதே போன் போடுங்கள்.

சென்னையில் முப்பது வருஷமாக நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறேன், மன்னிக்கவும். மூச்சு முட்டுகிற உணர்வு ஆக்சிஜன் குறைவதால் வருவதில்லை, கார்பன் டை ஆக்சைடு சேர்வதால் வருகிறது. வேகவேகமாக மூச்சு விட்டால் அந்தக் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும், ஆனால் ஆக்சிஜன் பெரிதாக ஒன்றும் கூடாது. ஆகவே உள்ளே போனதும் ரொம்ப நேரம் முட்டாது, சுகமாக இருக்கும், அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மயங்கிவிடுவார்கள். இடுப்பளவுத் தண்ணீரிலும் நடக்கும். நன்றாக நீந்துகிற, கட்டுமஸ்தான பையன்களுக்குத்தான் இது அதிகம் நடக்கும், ஏனென்றால் அவர்கள்தான் இன்னும் ஒரு கெஜம் என்று போவார்கள். ராத்திரி, தனியாக, யாரும் பார்க்காத குளம் என்றால் நான் சொல்ல வேண்டியதே இல்லை.

15 கெஜம் என்பது சுமார் 14 மீட்டர். சாதாரணமாக ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, அவசரப்படாமல், கையை நன்றாக விரித்து ஒரு இழுப்பு, சறுக்கல், ஒரு உதை, சறுக்கல் என்று போனால் ஐந்தாறு இழுப்பில் முடிந்துவிடும். கிணற்றில் காசு போட்டுப் பொறுக்கி விளையாடிய பையன்கள் இதை யோசிக்காமல் செய்வார்கள். மூச்சு போதாமல் தோற்கிறவனை நான் அதிகம் பார்த்ததில்லை, உள்ளே போனதும் கடகடவென்று கைகாலை அடித்து இருக்கிற மூச்சைச் செலவழிக்கிறவனைத்தான் பார்க்கிறேன். உயிர்காப்பாளர் இருக்கிற பொதுக்குளத்தில், பகலில், கரையில் ஒருவர் அவனையே பார்த்துக்கொண்டு நிற்க, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை போதும், நடுவில் நன்றாக இளைப்பாறிக்கொண்டு. மீதி நேரமெல்லாம் தவளை நீச்சலும் மிதவையும் பழகட்டும், முதல் மாதம் தூரத்தை எண்ணவே வேண்டாம், அரை மணி நேரம் ஓரத்தைத் தொடாமல் இருந்தானா என்று மட்டும் பாருங்கள்.

முகவைக்காரன்:

போன் பண்ணிவிட்டேன். முதலில் "அப்பா, எனக்குத் தெரியும்" என்றான். வாத்தியார் எழுதிய அந்தக் கார்பன் டை ஆக்சைடு விஷயத்தை அப்படியே சொன்னதும் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, போன வாரம் ஒரு தடவை மேலே வந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது, பசி என்று நினைத்தேன் என்றான். அவன் அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை, சொல்வதாகவும் இல்லை.

இனிமேல் சனி, ஞாயிறு நான் கூடப் போய்க் கரையில் உட்காருவதாகப் பேச்சு. பூட்ஸ் போட்டு நிலைநீச்சல் பழகக் குளத்தில் விடுவார்களா, யாருக்காவது அனுபவம் உண்டா?

நார்ஃபோக்வாசி:

பொதுக்குளங்களில் பெரும்பாலும் தடுப்பார்கள் அண்ணா, போய்ப் பொறுப்பாளரிடம் விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள், கூட்டம் இல்லாத நேரத்தில் சிலர் விடுவார்கள். புது பூட்ஸ் வேண்டாம், பழைய ஓட்டக் காலணியும் நீளக்கை சட்டையும் போதும், இரண்டையும் முதலில் நன்றாகத் துவைத்துவிட்டு எடுத்துப் போகச் சொல்லுங்கள், எங்கள் ஊர்க் குளத்தில் நான் சேற்றுக் காலணியோடு இறங்கி ஒரு மாதம் உள்ளே விடவில்லை.